டீச்சர் பதில்கள்: ‘பத்து யானை தருகிறேன், விட்டுவிடு!’

போன இதழில் ஒரு வாசகர், “மகாபாரதத்தில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தவர் யார்?” என்று கேட்டிருந்தார். “விராட நாட்டு இளவரசன் உத்தரகுமாரன்” என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிலர் கோபமாக எழுதியிருக்கிறார்கள். சிலர் அந்தப் பெயரைச் சாக்காக வைத்துத் தங்கள் பயத்தை எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த இதழில் மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

டீச்சர், அர்ச்சுனன் இருக்கிறான், அபிமன்யு இருக்கிறான். அவர்களை விட்டுவிட்டு, போர்க்களத்தைப் பார்த்ததும் புறமுதுகு காட்டி ஓடியவனைப் போய்ப் பிடிக்கும் என்கிறீர்களே. முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் இப்படி எழுதலாமா?
– ஓய்வு பெற்ற ராணுவ வீரர், தொண்டி

ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நம் ஊரில் வாய்ச்சவடால் பேசுகிறவனை ‘உத்தரகுமாரன்’ என்றுதான் சொல்வோம். ஆனால் அந்தப் பெயர் அவனுடைய ஒரு நாளின் முன்பாதியை மட்டும் வைத்துக் கொடுத்த பெயர். பின்பாதியையும் பார்த்துவிடுவோம்.

கௌரவர்கள் மாடுகளை வளைத்துக்கொண்டு போகிறார்கள். அப்பா விராடன் படையோடு வேறு பக்கம் போயிருக்கிறான். அரண்மனையில் பெண்கள் நடுவே உட்கார்ந்துகொண்டு, “நல்ல தேரோட்டி மட்டும் கிடைத்தால் நான் ஒருவனே எல்லோரையும் முடித்துவிடுவேன்” என்கிறான் பையன். சரி என்று பிருகன்னளையைத் தேரோட்டியாக அனுப்பி வைக்கிறார்கள். அது மாறுவேடத்தில் இருக்கும் அர்ச்சுனன் என்று அவனுக்குத் தெரியாது. தங்கை உத்தரை, “பொம்மைக்குக் கட்ட அவர்களுடைய பட்டுத் துணியெல்லாம் கொண்டு வாருங்கள்” என்று சொல்லி வழியனுப்புகிறாள்.

எதிரே கடல் மாதிரி படை. பீஷ்மர், துரோணர், கர்ணன். பையனுக்கு மயிர்க்கூச்செறிகிறது. தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். அர்ச்சுனன் நூறு அடி துரத்திப் போய் முடியைப் பிடித்து நிறுத்துகிறான். அப்போது உத்தரன் கெஞ்சுகிறானே, அந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். “நூறு பொற்காசு தருகிறேன், எட்டு வைடூரியம் தருகிறேன், தேர் தருகிறேன், பத்து யானை தருகிறேன், என்னை விட்டுவிடு!” சிரிப்பு அடங்கட்டும் என்று நான் காத்திருப்பேன். அப்புறம்தான் வன்னிமரத்துக்குப் போவேன்.

பாண்டவர்கள் தங்கள் ஆயுதங்களைச் சுடுகாட்டு ஓரத்தில் ஒரு வன்னிமரத்தின் மேல் ஒளித்து வைத்திருந்தார்கள். யாரும் கிட்டே வரக்கூடாது என்று ஒரு பிணத்தையும் அதில் கட்டியிருந்தார்கள். அந்த மரத்தில் ஏறச் சொல்கிறான் அர்ச்சுனன். “அதில் பிணம் கட்டியிருப்பதாகச் சொல்கிறார்களே, நான் எப்படித் தொடுவேன்?” என்று தயங்குகிறான் பையன். “அந்த மூட்டையில் இருப்பது வில்தான், ஏறு” என்கிறான் அர்ச்சுனன். ஏறுகிறான். கை நடுக்கத்தோடுதான் ஏறியிருப்பான். மூட்டையை அவிழ்த்தால் காண்டீபம் பளபளக்கிறது.

ஐயா, எனக்கு உத்தரன் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். அன்று காலையில் ஓடிய அதே கால்தான் அந்த மரத்தில் ஏறியது. அதற்கப்புறம் அவன் தேரோட்டுகிறான். நடுவில் பீஷ்மரை எதிர்கொள்ளும்போது மறுபடியும் பயம் வருகிறது. “என்னால் இனிக் குதிரையைப் பிடிக்க முடியாது, தலை சுற்றுகிறது” என்கிறான். அர்ச்சுனன் தைரியம் சொல்கிறான், அவனும் கடிவாளத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறான். கடைசியில் கௌரவர்கள் மயங்கிக் கிடக்கும்போது, தங்கை கேட்ட துணிகளை எடுத்து வரச் சொல்கிறான் அர்ச்சுனன். துரோணர், கிருபருடைய வெள்ளை ஆடை, கர்ணனுடைய மஞ்சள், அசுவத்தாமன், துரியோதனன் உடுத்தியிருந்த நீலம். “பீஷ்மருக்கு மயக்கம் இல்லை, அவர் பக்கம் பார்த்துப் போ” என்று எச்சரிக்கையும் செய்கிறான். உத்தரன் தேரிலிருந்து குதிக்கிறான். காலையில் குதித்தது ஓடுவதற்கு. இப்போது குதித்தது எதிரிகளின் நடுவே போவதற்கு. ஒரே நாள், ஒரே தேர், ஒரே பையன்.

குருட்சேத்திரத்தின் முதல் நாளில், யானை மேல் ஏறிச் சல்லியனை எதிர்த்துப் போனவனும் இவன்தான். அன்றே சல்லியன் எறிந்த வேலில் செத்தும் போனான். பட்டாளத்தில் இருந்தவர் நீங்கள். முதல் நாள் நடுங்கிய ஒரு சிப்பாய் பிறகு எப்படி ஆனான் என்று நீங்களே கண்ணால் பார்த்திருப்பீர்கள்.

எனக்கு வயது 22. அப்பாவோடு நாட்டுப்படகில் போவேன். போன கார்த்திகையில் படகு கவிழ்ந்து மூன்று மணி நேரம் மிதந்தோம். வேறு படகுக்காரர்கள் வந்து தூக்கினார்கள். அதிலிருந்து என்னால் கடலுக்குப் போக முடியவில்லை. படகில் கால் வைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. போன இதழ் வந்ததிலிருந்து சேக்காளிகள் என்னை ‘உத்தரகுமாரா’ என்றே கூப்பிடுகிறார்கள்.
– பெயர் வேண்டாம், பாம்பன்

தம்பி, என் ஒரு வரியால் உனக்கு அந்தப் பெயர் வந்ததற்கு முதலில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

உன் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மூன்று மணி நேரம் தண்ணீரில் கிடந்த உடம்பு அதை மறக்காது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் நம் ஊரில் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் படகை இழுத்துக் கட்டுவார். கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்காத நாளில் போகாதவரை யாரும் கோழை என்பதில்லை. பயத்தைக் கூண்டாகக் கட்டித் தொங்கவிட்டு அதற்கு எண்ணும் கொடுத்து வைத்திருக்கிற கரை இது. ஆனால் புயல் போனதும் கூண்டை இறக்கிவிடுகிறார்கள். உன் கூண்டு மட்டும் இன்னும் இறங்கவில்லை. அதற்கு என்ன செய்வது என்றுதான் பார்க்க வேண்டும்.

சின்னப்பாலத்தில் என்னிடம் படித்த ஒரு பெண் இருக்கிறாள். இப்போது பேத்தி எடுத்துவிட்டாள். மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கம் போய்ப் பாசி எடுக்கிற வேலை. ஒருநாள் விடியற்காலையில் அவள் கிளம்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பழைய சேலையை நீளவாக்கில் கிழித்து, ஒவ்வொரு விரலாகச் சுற்றிக்கொண்டே வந்தாள். சுண்டு விரலில் ஆரம்பித்துக் கட்டை விரல் வரை. முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். கடலடிப் பாறைக் கல் கையைக் கிழித்துவிடும், அதற்காக. அப்புறம் தண்ணிக் கண்ணாடியின் உள்பக்கம் எச்சில் தடவி, விரலால் தேய்த்து, கழுவினாள். ஆவி படியாமல் இருக்குமாம். “திருக்கை கிடக்குமே, சொறிமீன் அடிக்குமே, பயமில்லையா?” என்று கேட்டேன். “பயமில்லாம யாரு டீச்சர் இறங்குவா? கடலையே பாத்தா இறங்க மாட்டேன். கால் வைக்கிற கல்லைப் பாப்பேன். அப்புறம் அடுத்த கல்லு” என்றாள். முப்பத்தைந்து வருடமாக இறங்குகிறாள்.

நீயும் கடலைப் பார்க்காதே தம்பி. முதலில் கரையில் கட்டியிருக்கிற படகில் போய் உட்கார். வலை பிரித்துக் கொடு, என்ஜினைத் துடை. வயிற்றைப் பிசையும். பிசைகிற நேரத்தில் மட்டும் இறங்கி ஓடிவிடாதே. அதுதான் முக்கியம். உச்சத்தில் இறங்கி ஓடினால், ‘ஓடினதால்தான் பிழைத்தோம்’ என்று உடம்பு கற்றுக்கொள்ளும், அடுத்த தடவை பயம் இன்னும் பெரிதாக வரும். உட்கார்ந்தே இருந்தால் அலை வடிகிற மாதிரி அது தானாக வடியும். கால் மணி நேரம் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். வடிந்த பிறகு இறங்கு. இதை நாலைந்து நாள் செய்தபிறகு, இடுப்பளவு தண்ணீர் வரை அப்பாவோடு தள்ளிக்கொண்டு போ. அப்புறம் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம். உயிர்காக்கும் சட்டை இல்லாமல் ஏறாதே. உன் அப்பாவையும் போடச் சொல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், கூட்டமும் சத்தமும் குறைவாக இருக்கும். அந்த நாட்களை இதற்குப் பயன்படுத்திக்கொள்.

ராத்திரியில் கவிழ்ந்த கனவே திரும்பத் திரும்ப வருகிறது, தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் இது நீ தனியாகப் பார்க்கிற காரியம் இல்லை. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பார்க்கலாம்.

இவ்வளவும் செய்துவிட்டு, ‘எனக்குக் கடல் தொழில் வேண்டாம், வேறு வேலை பார்க்கிறேன்’ என்று நீ முடிவு செய்தாலும் அது சரியான முடிவுதான். அந்த முடிவை வயிறு பிசைகிற நாளில் எடுக்காமல், வடிந்த நாளில் எடு.

என் மகனுக்கு ஏழு வயது. தண்ணீரைக் கண்டாலே அலறுகிறான். “பயம் தெளியணும்னா தூக்கிப் போடணும்” என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கடலில் போட்டுவிட்டார். அதிலிருந்து குளிக்கக்கூட வர மாட்டேன் என்கிறான். கேட்டால், “அர்ச்சுனன் முடியைப் பிடித்து இழுத்துத்தானே உத்தரனைத் திருத்தினான்” என்று உங்கள் உத்தரன் கதையையே திருப்பிச் சொல்கிறார்.
– ஒரு தாய், ஏர்வாடி

அம்மா, இதை உங்கள் வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அர்ச்சுனன் முடியைப் பிடித்தது உண்மை. பிடித்த பிறகு என்ன செய்தான்? படை நடுவில் தூக்கிப் போட்டானா? “உனக்குச் சண்டை போடப் பயமாக இருந்தால் போட வேண்டாம். நான் போடுகிறேன். நீ குதிரையை ஓட்டு” என்றான். வேலையையே மாற்றிக் கொடுத்தான். பையனால் முடிகிற வேலையாகப் பார்த்துக் கொடுத்தான். அதைவிட முக்கியம், அதே தேரில் அவன் கூடவே நின்றான். அம்பு வந்தால் இரண்டு பேர் மேலும்தான் வந்திருக்கும்.

தூக்கிப் போட்டால் பயம் தெளியாது. தண்ணீரோடு அப்பாவின் கையும் சேர்ந்து பயமாகிவிடும். உங்கள் மகன் இப்போது பயப்படுவது எந்தக் கையைப் பார்த்து என்று கொஞ்சம் யோசியுங்கள்.

இந்தக் கரையில் முன்பெல்லாம் முத்துக் குளிக்க இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் நிறுத்துவார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறது, கயிற்றை விட மாட்டான் என்ற நம்பிக்கை. கீழே இறங்குகிறவனுக்குத் தைரியம் மேலே இருக்கிற கையிலிருந்து வருகிறது. உங்கள் வீட்டுக்காரர் அந்தக் கையாக இருக்கட்டும். முதலில் மகனிடம், “அப்பா செய்தது தப்பு, இனிமேல் நீ சொல்லாமல் தண்ணீரில் விட மாட்டேன்” என்று சொல்லட்டும். ஏழு வயசுப் பிள்ளைக்கு அது புரியும். பிறகு வீட்டிலேயே ஒரு அண்டாவில் தண்ணீர் வைத்து, வாயால் ஊதிக் குமிழி விட்டு விளையாடட்டும். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஊத வேண்டும். மூக்கு நனைவது, முகம் நனைவது, அப்புறம் கணுக்கால் தண்ணீர். ‘போதும்’ என்று பிள்ளை சொன்னால் அந்த நொடியே நிறுத்துங்கள். அவன் சொன்னால் நிற்கும் என்று தெரிந்த பிறகுதான் அடுத்த அடி வைப்பான். பிறகு முறையாக நீச்சலும் கற்றுக் கொடுத்துவிடுங்கள். கடல் பக்கத்திலேயே வளர்கிற பிள்ளைக்கு நீச்சல் தெரிந்தே ஆக வேண்டும்.

மேடை ஏறினால் கை நடுங்குகிறது, நாக்கு வறண்டு விடுகிறது. ஏன் டீச்சர்?
– பத்தாம் வகுப்பு மாணவி, தேவிபட்டினம்

ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலக்கிறது. ஓடுவதற்கும் எதிர்ப்பதற்கும் உடம்பு தயாராகிறது. நெஞ்சு வேகமாக அடிப்பதும், எச்சில் வறள்வதும், கை நடுங்குவதும் அதனால்தான். உனக்கு ஒன்றும் குறை இல்லை. ஏறுவதற்கு முன் மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடு. நாலைந்து தடவை. முதல் இரண்டு வரியை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மாதிரி மனப்பாடம் செய்துகொள். தாளைக் கையில் பிடிக்காதே, நடுக்கம் தாளில் தெரிந்து உன்னை இன்னும் பயமுறுத்தும். மேசையில் வைத்துக்கொள்.

கல்லூரியில் மூன்று தாளில் அரியர். வாப்பாவிடம் எல்லாம் பாஸ் என்று சொல்லிவிட்டேன். வாப்பா வெளிநாட்டில் கஷ்டப்பட்டுப் பணம் அனுப்புகிறார்கள். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ராத்திரி தூக்கமே வருவதில்லை.
– மாணவி, கீழக்கரை

மகளே, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உத்தரனுடைய அன்றைய நாளில் நான் இன்னும் சொல்லாத ஒரு பகுதி உனக்காகவே இருக்கிறது.

போர் முடிந்து திரும்புகிறான். அவன் வருவதற்கு முன்பே, ‘உத்தரன் ஜெயித்துவிட்டான்’ என்று ஊருக்குச் செய்தி போய்விட்டது. அப்பா விராடன் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருக்கிறான். ஊரை அலங்கரிக்கச் சொல்கிறான். சந்தோஷத்தில் கங்கனோடு சூதாட உட்காருகிறான். கங்கன் என்ற பெயரில் இருப்பது தருமன். “பிருகன்னளை தேரில் இருந்தால் ஏன் ஜெயிக்க மாட்டான்?” என்று தருமன் சொல்லிவிட, ‘என் மகனைப் புகழாமல் ஒரு பேடியைப் புகழ்கிறாயா’ என்று காயை எடுத்து முகத்தில் எறிகிறான். மூக்கில் ரத்தம் வழிகிறது. அந்த நேரத்தில் உள்ளே நுழைகிறான் மகன்.

நினைத்துப் பார். ஊர் முழுக்கத் தோரணம். அப்பா தன் மகனுக்காக ஒருவரை ரத்தம் வர அடித்திருக்கிறார். “பீஷ்மரை எப்படி வென்றாய்? கர்ணனை எப்படி வென்றாய்?” என்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி மகனைக் கொண்டாடுகிறார். பேசாமல் தலையாட்டியிருந்தால் போதும். அர்ச்சுனனே, ‘நீ ஜெயித்ததாகவே சொல்லிக்கொள்’ என்றுதான் அவனை அனுப்பியிருந்தான். ஆனால் உத்தரன் சபையில் எல்லோர் முன்னாலும் என்ன சொன்னான் தெரியுமா? “நான் ஜெயிக்கவில்லை. நான் பயந்து ஓடினேன். ஒரு தேவகுமாரன் என்னைத் தடுத்து நிறுத்தி, தேரில் நின்று போர் செய்தான்.” மூட்டையை அவிழ்த்ததைவிட, மயங்கிக் கிடந்தவர்கள் நடுவே நடந்ததைவிட, இது பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். காலையில் இல்லாததைச் சொல்லிப் பெருமை அடித்தவன், சாயங்காலம் தேடி வந்த பெருமையை வேண்டாம் என்கிறான்.

நீ அதுவரைக்கும் தள்ளிப் போடாதே. வாப்பா ஊருக்கு வந்து, வீடு நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும்போது சொல்வது உத்தரனால் முடிந்தது. உனக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். இந்த வெள்ளிக்கிழமை போனில் சொல்லிவிடு. முதலில் உம்மாவிடம் சொல்லி, அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். தேரில் கூட ஒரு ஆள் வேண்டும். சுற்றி வளைக்காமல் முதல் வரியிலேயே, “வாப்பா, நான் பாஸ் என்று சொன்னது பொய். மூன்று தாளில் அரியர் இருக்கிறது” என்று சொல். அடுத்ததாக, எந்தெந்தத் தாள், எப்போது மறுபடி எழுதப் போகிறாய், அதற்கு எப்படிப் படிக்கிறாய் என்று சொல். இதையெல்லாம் போன் செய்வதற்கு முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள். ‘டீச்சர் சரியில்லை, கேள்வி கடினம்’ என்று ஒரு வார்த்தை வேண்டாம். வாப்பா கோபப்படலாம். ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிடவும் செய்யலாம். அந்த மௌனம் ஒரு நாளோ இரண்டு நாளோ இருக்கும். அதைப் பொறுத்துக்கொள். பாலைவன வெயிலில் நின்று சம்பாதிக்கிறவருக்கு, அரியர் என்பதைவிட மகள் தன்னிடம் மறைத்தாள் என்பதுதான் அதிகம் வலிக்கும். அந்த வலியை நீயே முன்வந்து சொல்வதால்தான் குறைக்க முடியும்.

இன்னொன்றும் சொல்கிறேன். உத்தரன் தன் உண்மையைச் சொன்னான், ஆனால் அந்தத் தேவகுமாரன் யார் என்று அர்ச்சுனன் அனுமதிக்கும் வரை சொல்லவில்லை. உன்னோடு அரியர் வைத்திருக்கிற தோழிகளின் கதையை நீ வாப்பாவிடம் இழுக்க வேண்டியதில்லை. உன்னுடையதை மட்டும் சொல். சொன்ன பிறகு எனக்கு ஒரு வரி எழுது.

எல்லோருக்கும் தைரியம் சொல்கிறீர்கள். உங்களுக்குப் பயம் உண்டா டீச்சர்?
– ஒரு வாசகி, ராமேஸ்வரம்

உண்டு அம்மா. ராத்திரிக் காற்றுக்குப் பயம்.

1964 டிசம்பர் 22 ராத்திரி எனக்கு ஆறு வயது. மண்டபத்தில் இருந்தோம். தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போன அந்தப் புயல் எங்கள் கூரையையும் பிடுங்கியது. அம்மா என்னைத் தன் சேலையோடு சேர்த்து இடுப்பில் முடிந்துகொண்டது நினைவிருக்கிறது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன ரயில் பயணிகளோடு போய்விட்டது என்று விடிந்த பிறகுதான் பேசிக்கொண்டார்கள். அப்பா பாம்பன் ரயில் பாலத்தில் தண்டவாளம் பார்க்கிற தொழிலாளி. அந்தப் பாலமும் சிதைந்து, 46 நாளில் அதைச் சரிசெய்தார்கள். அந்த நாட்களில் அப்பா வீட்டுக்கு வந்ததே அபூர்வம்.

நான் பெரியவளான பிறகு அப்பாவிடம் கேட்டேன், “பாலத்தின் நடுவில் காற்று அடித்தால் என்னப்பா செய்வீங்க?” என்று. “உக்காந்துருவேன்ம்மா. தண்டவாளத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருவேன். காத்து விட்டதும் எந்திரிச்சு நடப்பேன்” என்றார். காற்று அளவுக்கு மீறினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிற ஏற்பாட்டை அந்தப் பாலத்திலேயே வைத்திருந்தார்கள். ரயில் மண்டபத்தில் நின்றுவிடும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அது எப்போது பச்சையாகும் என்று எத்தனையோ தடவை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். 1914-இல் திறந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. போன வருடம், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் முதல் தடவை போனபோது, கடல் தெரிய ஆரம்பித்ததும் என் கை தானாக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. விட முயற்சி செய்யவில்லை, பாம்பன் வரை பிடித்துக்கொண்டே போனேன்.

ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கிற ராத்திரிகளில் எனக்குத் தூக்கம் வராது. எழுந்து கொக்கி எல்லாம் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். சுக்குக் காப்பி போடுவேன். விளக்கைப் போட்டுக்கொண்டு உங்கள் கடிதங்களை எடுத்து வைத்து உட்காருவேன். இந்தப் பக்கத்தில் வருகிற பதில்களில் பாதி அப்படி எழுதியவைதான்.